கொடிக்கால் கிணற்றில் கடல் ஏறிய கோடை

கொடிக்காலுக்குள் செருப்போடு போகாதீர்கள். தோட்டக்கலைத் துறையில் புதிதாகச் சேர்ந்து இந்தப் பக்கம் வருகிற எல்லோரும் செய்கிற முதல் தப்பு அதுதான். வெற்றிலைத் தோட்டம் அங்கே கோயில் மாதிரி. நீங்கள் கல்லூரியில் தங்கப் பதக்கமே வாங்கியிருக்கலாம்; ஷூவோடு வரப்பில் கால் வைத்தீர்களானால் அன்றைக்கு நீங்கள் சொல்வது ஒருவர் காதிலும் ஏறாது. மரியாதையாகத் தலையாட்டுவார்கள், மோர் கொடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள்.

காலையில் இதே பயிற்சி வகுப்பில் எனக்கு முன்னால் பேசியவர் திராட்சைத் தோட்டங்களைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார். மழை குறைந்த நாடுகளில் திராட்சைக் கொடியை வேண்டுமென்றே கொஞ்சம் தாகத்தில் வைக்கிறார்களாம், பழம் இன்னும் இனிக்கிறதாம். வெயில் ஏற ஏறத் தோட்டத்தையே மலை மேலே நகர்த்துகிறார்களாம். நல்ல பேச்சு. நானும் குறிப்பெடுத்துக்கொண்டேன். ஆனால் உங்களில் பாதிப் பேர் போகப்போவது தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே, ஆத்தூரைச் சுற்றியுள்ள கொடிக்கால்களுக்கு. அங்கே நகர்த்துவதற்கு மலை கிடையாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். வெற்றிலைக் கொடியோ தாகத்தைப் பொறுக்காது. அகத்தி மரத்தைப் பற்றிக்கொண்டு, அதன் நிழலில், காலடியில் எப்போதும் ஈரத்தோடு இருந்தால்தான் அது கொடி. ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் வருவதில்லை, அடுத்த வருஷம் வந்த தண்ணீர் வடிவதில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்த மக்கள் பிழைத்தாக வேண்டும்.

திட்டங்களைப் பற்றியும் மானியத்தைப் பற்றியும் உங்களுக்கு நிறையப் பேர் சொல்வார்கள். நான் ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் கிணறு தவசி அண்ணாச்சியுடையது. பருத்த உடம்பு, மெல்லிய குரல், வாயில் எந்நேரமும் வெற்றிலை. ஆற்றில் தண்ணீர் வராத அந்தக் கோடையில் சுற்று வட்டாரக் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாகிக்கொண்டு வந்தபோது அண்ணாச்சியின் கிணறு மட்டும் இனித்தது. வேறொருவராக இருந்தால் வேலி போட்டிருப்பார். இவர் மோட்டார் அறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, "எல்லாரும் முறை வச்சிப் பாய்ச்சிக்கிடுங்க. எங்கிட்ட கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவர் புண்ணியத்தில்தான் அந்தப் பகுதிக் கொடிக்கால்கள் எல்லாம் பச்சையாக நின்றன. மோட்டார் ஓயவே ஓயாது. அந்தச் சத்தம் கேட்டால்தான் அந்த ஊரே நிம்மதியாக இருக்கும்.

அந்தத் தண்ணீரை நம்பி இருந்தவர்களில் ஒருவன் சுடலை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். வண்டியிலேயே தூங்கி, வண்டியிலேயே சாப்பிட்டு வெறுத்துப்போய், "நம்ம மண்ணுல நம்ம கொடி" என்று வீறாப்பாக ஊருக்கு வந்து முதன்முதலாகக் கொடிக்கால் போட்டிருந்தான். அவனும் மனைவி பேச்சியும் மட்டுமே வேலை. வேறு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கொடியையும் அகத்தியோடு சேர்த்து அவன் கட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். குழந்தைக்குத் தலை சீவிவிடுகிறவன் முகத்தில்கூட அத்தனை கவனம் இருக்காது. கொடி நன்றாக ஏறியிருந்தது. முதல் வெற்றிலை கிள்ளும் நாள் நெருங்கிவிட்டது. அங்கே முதல் வெற்றிலையை விற்க மாட்டார்கள், ஒரு கவுளியாக, அதாவது ஒரு கட்டாக, அடுக்கி அம்மனுக்கு வைப்பார்கள். அதற்கு வரச் சொல்லி என்னை அழைத்தும் இருந்தான்.

முதலில் புகார் சொன்னது அண்ணாச்சியின் மருமகள் செல்வராணி. கயத்தாறு பக்கத்துப் பெண். நான் ஒருநாள் அங்கே போயிருந்தபோது அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மேடம், நீங்களாவது கேளுங்க. பருப்பு வேகவே மாட்டேங்கு. சோறும் ஒரு மாதிரி மஞ்சளா இருக்கு. கிணத்துத் தண்ணி கரிக்குன்னு மாமாகிட்ட சொன்னா, சிரிக்காவ."

அண்ணாச்சி நிஜமாகவே சிரித்தார். "அவ மேட்டுக்காட்டுக்காரி. ஆத்தோரத் தண்ணி ருசி இன்னும் அவளுக்குப் பிடிபடல" என்றார். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினார். "கல்கண்டு மாதிரில்லா இருக்கு!" முறை பாய்ச்ச வந்திருந்தவர்களும் ஆளுக்கு ஒரு கை குடித்தார்கள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

நான் குடித்தேன். கரித்தது. லேசாகத்தான், ஆனால் கரித்தது.

கொஞ்ச நேரம் என் நாக்கு மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அப்புறம் சுற்றி நின்ற வாய்களைப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு. காலையில் எழுந்ததும் வெற்றிலை போட்டு, படுக்கும்வரை வாய் காலியாக இல்லாதவர்கள். பாக்கின் துவர்ப்புக்கு மேல் எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் இனிக்கும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தவர்கள் யாரும் இதை ஒத்துக்கொள்வார்கள். வெற்றிலை விளைவிக்கிறவர்கள் வெற்றிலை போட்ட நாக்கால் தங்கள் கிணற்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இலை நுனி கருகத் தொடங்கியிருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். மேல்காற்று வீசுகிற நேரம் என்பதால் பழியைக் காற்றின் மேல் போட்டுவிட்டார்கள்.

"வாயக் கொப்பளிச்சிட்டுக் குடிச்சிப் பாருங்க" என்றேன். கொப்பளித்தார்கள், அதே கிணற்றுத் தண்ணீரில். மறுபடியும் கல்கண்டு என்றார்கள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு அங்கே நான் சிரித்த ஞாபகம் இல்லை.

பையிலிருந்த உப்பு பார்க்கும் கருவியை எடுத்து வாளியில் முக்கினேன். போன முறை வந்தபோது காட்டியதைவிட நன்றாக ஏறியிருந்தது. அடுத்த இரண்டு தடவை போனபோதும் ஏறிக்கொண்டே இருந்தது. விஷயம் இதுதான்: கடலோரத்தில் மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். மேலே இருப்பதை மெல்ல இறைத்தால் அது ஊறி ஊறி வரும். மோட்டாரை ஓயாமல் ஓட்டினால் கீழே இருக்கும் உப்பு மேலே எழும்பி வரும். ஒருமுறை அது நன்றாக ஏறிவிட்டால் அந்தக் கிணறு எப்போது திரும்பும், திரும்புமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. மண்ணிலும் உப்பு தங்கிவிட்டால் மழை பெய்த பிறகும் அங்கே கொடி வைக்க முடியாது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் கையில் இருந்தது ஒரு சின்னக் கருவியும் ஒரு பெண்ணின் வேகாத பருப்பும். ஆய்வகத்துக்குத் தண்ணீர் அனுப்பியிருந்தேன், முடிவு வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால், "ரிசல்ட் வரட்டும், அதற்குள் நீங்களாக எதுவும் சொல்லிவிடாதீர்கள்" என்றார்கள். தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். காகிதம் வரும்வரை காத்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. மோட்டாரை நிறுத்தச் சொன்னால் கொடிக்கால்கள் காய்வது உறுதி. கிணறு பிழைப்பது உறுதியில்லை. நிறுத்தாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் எல்லாம் பச்சையாக இருக்கும். அந்தக் கொஞ்ச நாளுக்குள் மழை வந்தாலும் வரலாம்.

எனக்கு வேலை பழக்கிய ஒரு மேலதிகாரி இருந்தார், அப்போதே ஓய்வு பெற்றுவிட்டவர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ இப்ப எங்கிட்ட கேக்கது கிணத்தப் பத்தி இல்ல. நாளைக்குத் தப்பாப் போனா ஒன்ன யாரு திட்டுவாங்கன்னு கேக்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "தெரிஞ்சதத் தெரியும்னு சொல்லு. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு. ஆனா இன்னைக்குச் சொல்லு. ஒரு வாரம் கழிச்சி நீ சொல்லுத சரியான பதில் அந்தக் கிணத்துக்கு எதுக்கு?" போனை வைத்துவிட்டார்.

அன்று மத்தியானமே எல்லோரையும் மோட்டார் அறைக்கு முன்னால் கூட்டச் சொன்னேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், பேச்சில் குழைவு கிடையாது. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அன்றைக்குக் குரலை உயர்த்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

"மோட்டார இன்னைக்கே நிப்பாட்டணும்" என்றேன். "கீழ இருந்து உப்பு ஏறுது. இப்படியே ஓடுனா கிணறு போயிரும், மண்ணும் போயிரும். நிப்பாட்டுனா கிணறு திரும்புமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. திரும்பும்னு நெனைக்கேன். ஆனா ஓட்டுனா கெட்டுரும்ங்கது எனக்கு நல்லாத் தெரியும்."

ஒரே கூச்சல். "ரிசல்ட்டு வரட்டும்லா!" என்றார் ஒருவர். "நீங்க இன்னைக்கு இருப்பிய, நாளைக்கு மாத்தலாகிப் போயிருவிய. கருகுத கொடியப் பாத்துக்கிட்டு நாங்கல்லா இங்கன கெடக்கணும்" என்றார் இன்னொருவர். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

நான் சொன்ன வழி இதுதான். ஒவ்வொருவர் கொடிக்காலிலிருந்தும் நல்ல கொடியாக வெட்டிக்கொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும் கிணற்றடியில் ஒரே பாத்தியாகப் பந்தல் நிழலில் வைக்க வேண்டும். வாளியால் இறைத்து ஊற்ற வேண்டும், மோட்டார் கூடாது. தோட்டங்கள் போனாலும் விதைக்கொடி பிழைக்கும். அந்த மண்ணில் பழகிய கொடி ஒருமுறை அழிந்துவிட்டால் வேறு ஊரிலிருந்து வாங்கி வைப்பது அதே வெற்றிலையாக இருக்காது, இது அவர்களுக்கும் தெரியும்.

சுடலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். கத்தவில்லை. கைகூப்பினான்.

"மேடம், நான் கேக்கது கொஞ்சந்தான். முத வெத்தலய மட்டும் கிள்ளிக்கிடுதேன். அம்மனுக்கு ஒரு கவுளி வச்சிருதேன். அதுக்கப்புறம் இந்தக் கிணத்த மூடணும்னு சொன்னாக்கூட நானே மண்ணள்ளிப் போடுதேன். அதுவரைக்கும் எனக்கு மட்டும் தண்ணி விடச் சொல்லுங்க."

அவனுக்கு மட்டும் விட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஒரு சின்னத் தோட்டம், கொஞ்ச நாள். ஆனால் அவனுக்கு ஒரு காரணம் இருந்ததுபோல அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு மனைவிக்கு ஆபரேஷன். அவனுக்குத் திறந்தால் மோட்டார் நிற்கவே நிற்காது.

"முடியாது சுடலை" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கோபமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து நின்ற தவசி அண்ணாச்சி கேட்டார். "எம்மா, எங் கொடிக்காலுக்கும் கெடையாதா?"

"கெடையாது அண்ணாச்சி."

"மருமவ வச்சிருக்க கறிவேப்பிலச் செடிக்கு?"

"குடிக்க, பொங்க, விதக்கொடிக்கு. அவ்வளவுதான்."

அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு அறைக்குள் போய் மோட்டாரை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றதும் கூட்டமும் தானாக அமைதியானது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து மருமகளைக் கூப்பிட்டார்.

"தாயி, இத நீ வச்சிக்கோ. தண்ணி கேட்டு வந்தவன இல்லன்னு அனுப்பி எனக்குப் பழக்கமில்ல. எங்கிட்ட இருந்தா, எவனாவது கண்ணக் கசக்குனா குடுத்துருவேன்."

செல்வராணி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஊர் முழுக்க அவளைத்தான் இனித் திட்டப்போகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படியேதான் நடந்தது. ஆனாலும் அவள் கடைசிவரை கொடுக்கவில்லை.

சுடலை, "ஏளா பேச்சி, வா போவோம்" என்று திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டான். மறுநாள் எல்லோரும் கொடி வெட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் வரவில்லை. பேச்சிதான் ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள். "அவுகளுக்குத் தெரியாது மேடம். எங்களதயும் ஒரு ஓரத்துல வைங்க" என்றாள்.

அதன்பிறகு கொடிக்கால்கள் காய்ந்தன. எப்படிக் காய்ந்தன என்று விவரிக்கப் போவதில்லை. தினமும் போனேன், அதை மட்டும் சொல்கிறேன். அப்படிப்பட்ட நேரத்தில் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருக்க நூறு காரணம் கிடைக்கும், ஜீப் இல்லை, மீட்டிங் இருக்கிறது என்று. போங்கள். யாரும் வாங்க என்று சொல்ல மாட்டார்கள், உட்காரச் சொல்ல மாட்டார்கள். அண்ணாச்சியின் தோட்டம்தான் முதலில் போனது. சுடலை தன் கொடிக்காலுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். நான் வரப்பில் நிற்பேன். அவன் நிமிர மாட்டான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவேன். பேச்சி மட்டும் விடிந்ததும் கிணற்றடிக்கு வந்து தன் பங்குக்கு நாலு வாளி இறைத்து ஊற்றிவிட்டுப் போவாள்.

ஐப்பசியில் மழை வந்தது. கிணறு திரும்பியது. முன்பு இருந்த இனிப்பு இல்லை, ஆனாலும் கொடிக்குப் போதும். ஆய்வக முடிவு எப்போதோ வந்திருந்தது. நான் சொன்னதைத்தான் அதுவும் சொல்லியிருந்தது. அது வந்தபோது அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. விதைக்கொடிப் பாத்தியிலிருந்து வெட்டி எல்லோரும் மறுபடி நட்டார்கள். இப்போது போனால் பார்ப்பீர்கள்: தோட்டங்கள் பழைய அளவில் இல்லை, பாதிதான். தரையில் காய்ந்த ஓலையும் சருகும் மூடாக்காகக் கிடக்கும். சொட்டுநீர்க் குழாய் ஓடும். வெள்ளத்துக்குப் பயந்து பாத்தியை உயர்த்தியிருக்கிறார்கள். மோட்டாருக்கு ஓய்வு நேரம் உண்டு, அதை மீறினால் ஊரே கேட்கும். காலையில் யாரும் வெற்றிலை போடுவதற்கு முன்னால் செல்வராணி தண்ணீரைக் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கருவி வேறு இருக்கிறது, ஆனாலும் அவள் சொன்னால்தான் நம்புகிறார்கள். விதைக்கொடிப் பாத்தி அங்கேயே நிரந்தரமாக இருக்கிறது.

எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். மாற்றலாகிப் போய்விடுவேன் என்று அன்றைக்கு என்னைத் திட்டியவர்தான் போர்த்தினார். இத்தோடு கதையை முடித்தால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும்.

ஆனால் பாத்தியில் ஒரு வரிசைக் கொடியை யாரும் வந்து வெட்டிக்கொண்டு போகவில்லை. சுடலை மழைக்கு முன்பே துறைமுகத்துக்குத் திரும்பிப் போய்விட்டான். பேச்சியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

நானே தேடிப்போனேன். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. டீக்கடை ஓரத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டான். பேச்சி நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கிறாள் என்றான். கொடி தயாராக இருக்கிறது, வந்து நடச் சொன்னேன்.

"நீங்க சொன்னது சரிதான் மேடம். எல்லாரும் சொல்லுதாவ, நானும் சொல்லுதேன்" என்றான். "ஆனா அது கருகுனத நான் நின்னு பாத்தேன்லா. ஒவ்வொரு கொடியா. இன்னொரு தடவ பாக்க என்னால ஆவாது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இனிமே அந்தத் தண்ணி உப்பாவாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

சொல்லியிருந்தால் வந்திருப்பான். அவன் முகத்தில் அது தெரிந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் நின்றுகொண்டிருந்தான். கடல் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது, மழை எப்போது வரும் என்று மழைக்கே தெரியவில்லை. நான் எதை வைத்துச் சொல்ல?

"சொல்ல முடியாது சுடலை."

தலையை ஆட்டினான். "அன்னைக்கும் பொய் சொல்லல, இன்னைக்கும் சொல்லல" என்றான். எனக்கு ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்தான். குடித்து முடிப்பதற்குள் முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. "வாரேன் மேடம்" என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தக் கிணறும் பாத்தியும் இனி உங்கள் வட்டாரத்தில்தான் வரும். ஓரத்தில் ஒரு வரிசை வெட்டப்படாமல் முதிர்ந்து நிற்கும். யாருடையது என்று செல்வராணியைக் கேட்டால் சொல்வாள். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். கொடுக்காதீர்கள். அவன் வந்தால் வெட்டிக் கொடுங்கள். வராவிட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருங்கள்.